சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எங்கே பேரம் பேசலாம், எங்கே பேசியே ஆக வேண்டும்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களாகட்டும், கல்யாணமாகி வருகிறவர்களாகட்டும், மலேசியாவில் இந்த மாதிரி ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் வந்து இறங்கியதும் முதலில் சின்னக் காசுக்குத்தான் மல்லுக்கட்டுகிறார்கள். கீரைக்கட்டுக்கு ஐம்பது காசு குறைக்கச் சொல்லிப் பத்து நிமிடம் நிற்கிறவர், வீட்டுக்காரர் மூன்றரை மாத வாடகையை ஒரே தடவையில் கேட்கும்போது ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். சம்பளப் பேச்சிலும் அப்படியேதான். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. நானும் கல்யாணமாகி சுங்கை சிப்புட்டுக்கு வந்தவள், கணவர் வீட்டாருக்கு இங்கே மளிகைக் கடை, ஆகவே கல்லாவுக்கு இரண்டு பக்கமும் நின்று பேரம் கேட்டிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் வேலை, எல்லாவற்றையும் ரூபாயில் மாற்றிப் பார்ப்பதை நிறுத்துவது. இங்கே ரிங்கிட்டை எல்லோரும் வெள்ளி என்பார்கள், சில்லறையைக் காசு என்பார்கள். ஒரு வெள்ளிக்கு இருபது ரூபாய்க்கு மேல் வரும், கொஞ்சம் கூடும் குறையும். அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்தால் ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கூட நிம்மதியாகக் குடிக்க முடியாது, தக்காளி விலையைப் பார்த்தால் அழுகையே வரும், கடைசியில் வயிற்றைக் காயப்போட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்வீர்கள். அதற்குப் பதிலாக உங்கள் உழைப்பை அளவுகோலாக வையுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு எட்டு வெள்ளிக்கு மேல் வருகிறது. ஒரு பொருளைக் கையில் எடுத்தால் இது எனக்கு எத்தனை மணி நேர உழைப்பு என்று கேளுங்கள். ஒரு ரொட்டி சானாயும் (நம் பரோட்டா மாதிரி) ஒரு தே தாரிக்கும் ஏறக்குறைய அரை மணி நேரம், பரவாயில்லை என்று தெரியும். நூற்றைம்பது வெள்ளிச் சப்பாத்து (காலணி) இரண்டு நாளுக்கு மேல் உழைப்பு, அதை யோசித்துத்தான் வாங்க வேண்டும் என்றும் தெரியும். ரூபாய்க் கணக்கு ஊருக்குப் பணம் அனுப்பும் நாளில் மட்டும் போதும்.

இன்னொன்று. கடையில் பில் 12 வெள்ளி 43 காசு என்றால் 12.45 வாங்குவார்கள், 12.42 என்றால் 12.40 வாங்குவார்கள். 2008 ஏப்ரலிலிருந்து ரொக்கமாகக் கொடுக்கும்போது மொத்தத் தொகையை ஐந்து காசுக்குத் திருத்துகிற வழக்கம் இருக்கிறது. எங்கள் கடையிலேயே புதிதாக வந்த பிள்ளைகள் இதற்குச் சண்டை போட்டிருக்கிறார்கள். யாரும் ஏமாற்றவில்லை, விட்டுவிடுங்கள்.

பேரத்துக்குப் போகும் முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் பேரம் பேச முடியாது. சுங்கை சிப்புட் ஈப்போவுக்கும் கோலக்கங்சாருக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. 1948 ஜூன் மாதம் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் இந்த ஊர்க்காரர். இங்கே இருக்கிற மகாத்மா காந்தி கலாசாலை அவர் முயற்சியில் எழுந்த தமிழ்ப்பள்ளி. தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் பிறகு தோட்டங்களையே விலைக்கு வாங்கியது.

நீங்கள் சந்தையில் காய் வாங்கப்போகிற அக்கா அப்படிப் பத்து வெள்ளி போட்ட ஒருவரின் பேத்தியாக இருக்கலாம். பெரட்டுக்களத்திலும் (தோட்ட ஆட்களைக் காலையில் பெயர் கூப்பிடும் இடம்) லயத்திலும் (தோட்டத்து வரிசை வீடுகள்) வளர்ந்து, தோட்டம் கைமாறியபோது தாமானுக்கு, அதாவது பட்டணத்துக் குடியிருப்புக்கு, வந்தவராக இருக்கலாம். அவரிடம் போய் 'எங்க ஊர்ல இது பத்து ரூபாய்' என்று ஆரம்பித்தால் முகம் இறுகிவிடும். அந்த ஊர் அவருக்குப் பாட்டன் சொன்ன ஊர், அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீங்கள் சொல்லாமல் இருந்தாலே பாதிக் கடைகளில் நல்ல விலை கிடைக்கும், நான் நிச்சயமாகச் சொல்கிறேன்.

கூப்பிடுகிற முறையும் அப்படித்தான். தமிழர்களிடம் அண்ணே, அக்கா, தம்பி, தங்கச்சி. வயதானவர்களை அங்கிள், ஆன்ட்டி என்பது இங்கே சகஜம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மலாய்க்காரப் பெண்மணி உங்களைவிட மூத்தவர் என்றால் மாக்சிக், கிட்டத்தட்ட உங்கள் வயது என்றால் காக். ஆண்களுக்குப் பாக்சிக், அபாங். சீனர் கடை முதலாளியைத் தவுக்கே என்பார்கள். இளம் சீனப் பெண்களை அமோய் என்று கூப்பிடுவதை நீங்கள் கேட்பீர்கள், நீங்கள் அதைச் சொல்ல வேண்டாம், பழகாதவர் வாயில் அது மரியாதையாகப் படாது. காலையில் யாரைப் பார்த்தாலும் 'பசியாறிட்டீங்களா' என்பது இந்த ஊர் வணக்கம். பணத்தை வலது கையால் கொடுங்கள், பொருளைக் காட்டும்போது ஆள்காட்டி விரலை நீட்டாமல் கட்டைவிரலால் காட்டுங்கள், மலாய்க்காரர்களுக்கு அதுதான் பணிவு.

சந்தையில்

பேரம் பேச வேண்டிய இடம் காலைச் சந்தையும் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையும்தான். முதலில் எண்களை மலாயில் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு மாலை நேரம் போதும்: சாத்து, டுவா, தீகா, அம்பாட், லீமா, அனாம், துஜோ, லாப்பான், செம்பிலான், செபுலோ. பிறகு நான்கைந்து கேள்விகள். விலை கேட்க 'பெராப்பா?', கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்க 'போலே குராங் சிக்கிட்?', கலந்து எடுக்கலாமா என்று கேட்க 'சம்போர் போலே?', மொத்தம் எவ்வளவு என்று கேட்க 'செமுவா பெராப்பா?'. இவ்வளவு தெரிந்தால் சந்தையை ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம்.

இந்தச் 'சம்போர் போலே'தான் இங்கே உங்கள் பெரிய ஆயுதம். பாசார் மாலாமில் பல பொருள்கள் குவியலாக இருக்கும், 'தீகா செபுலோ' என்று கத்துவார்கள், மூன்று எடுத்தால் பத்து வெள்ளி என்று அர்த்தம். அதைப் போய் எட்டு வெள்ளிக்குக் கேட்டால் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள், அவர்கள் ஏற்கெனவே குறைத்துத்தான் கூவுகிறார்கள். ஆனால் ஒரு குவியல் கத்தரிக்காய், ஒரு குவியல் வெண்டைக்காய், ஒரு குவியல் சாவிக்கீரை (கடுகுக்கீரை வகை) என்று கலந்து மூன்றாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். தனியாக இருக்கிறவர்களுக்கு ஒரே காயில் மூன்று குவியல் வாங்கி என்ன ஆகப்போகிறது, அழுகத்தான் போகிறது. பக்கத்து அறைக்காரரோடு சேர்ந்து போய் வாங்கிப் பிரித்துக்கொள்வது இன்னும் நல்லது.

விலையைக் குறைக்கச் சொல்வதைவிட மேலே கொஞ்சம் போடச் சொல்வது இங்கே எடுபடும். கால் கிலோ மிளகாய் வாங்கினால் ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்கலாம், மீன் இரண்டு கிலோ எடுத்தால் ஒரு துண்டு இஞ்சியோ குழம்புப் புளிப்புக்கு நாலு அசாம் காயோ கேட்கலாம். விற்கிறவருக்கு அது நஷ்டமில்லை, விலையும் இறங்கவில்லை, மற்ற வாடிக்கையாளர் முன் அவர் சொன்ன விலை நிற்கிறது. எங்கள் கடையில் நான் அப்படித்தான், ஐம்பது காசு குறைக்கச் சொன்னால் தயங்குவேன், 'அக்கா, கொஞ்சம் புளி போடுங்க' என்றால் கை தானாகப் போகும்.

நேரம் முக்கியம். பாசார் மாலாம் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ஆரம்பித்து ஒன்பது, பத்து மணி வரை இருக்கும், கடைசி அரை மணி நேரத்தில் காயும் கீரையும் பழமும் விலை சரிந்துவிடும், எடுத்துக்கொண்டு வீடு திரும்ப யாருக்கும் பிடிக்காது. சமைத்த பலகாரங்களும் அப்போது மலிவாகக் கிடைக்கும், ஆனால் கறி, மீன், தேங்காய்ப்பால் சேர்ந்ததைக் கடைசி நேரத்தில் வாங்காதீர்கள், இந்த ஊர் வெக்கைக்குக் கெட்டிருக்கும். காலைச் சந்தையில் நேர்மாறாக, நல்ல மீன் வேண்டுமென்றால் விடிந்ததும் போக வேண்டும், மலிவு மீன் போதும் என்றால் பத்து மணிக்கு மேல் போகலாம். போணி ஆகாத கடையில் விலை கேட்டுப் பேரம் பேசிவிட்டு வாங்காமல் நகராதீர்கள். தமிழர், சீனர் என்று பார்க்காமல் பலருக்கும் அந்த நம்பிக்கை உண்டு, அன்றைக்கு முழுக்க உங்கள் முகத்தை நினைவில் வைத்திருப்பார்கள்.

மீனில் வஞ்சிரத்தை இங்கே தெங்கிரி என்பார்கள், விலை அதிகம். கெம்போங் என்று குவிந்து கிடப்பது நம் கானாங்கெளுத்தி, குழம்புக்கும் பொரிக்கவும் அருமையான மீன், மலிவும் கூட. வருடக் கடைசியில் கிழக்குக் கரையில் மழைக்காற்று அடிக்கும் மாதங்களில் மீன் விலை ஏறும். சீனப் பெருநாளுக்கு முந்தின வாரமும் ஏறும், அப்புறம் சில நாள் கடைகளே திறக்காது. நோன்புப் பெருநாளுக்கும் அப்படித்தான், மலாய்க்கார வியாபாரிகள் கம்பத்துக்கு, அதாவது சொந்தக் கிராமத்துக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்களுக்கு முன்கூட்டியே அரிசி, பருப்பு, கருவாடு, முட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெருநாள் காலத்தில் சில பொருள்களுக்கு அரசாங்கம் உச்ச விலை வைக்கும், தீபாவளிக்கும் உண்டு. பட்டியல் செய்தியில் வரும், மின்னல் எஃப்எம்மிலும் சொல்வார்கள். அந்த வானொலியை வேலை நேரத்தில் ஓட விடுங்கள், இந்த ஊர்த் தமிழும் காதில் ஏறும்.

முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, வாழையிலை, பப்பாளி இதையெல்லாம் காசு கொடுத்து வாங்காதீர்கள். எந்தத் தாமானில் பார்த்தாலும் ஒரு வீட்டு வேலியோரம் முருங்கை நிற்கும். 'ஆன்ட்டி, ஒரு கொத்து ஒடிச்சுக்கவா' என்று கேட்டால் ஒரு கட்டே ஒடித்துக் கொடுப்பார்கள், கேட்காமல் ஒடித்தால் மட்டும் கோபம் வரும். அடுத்த தடவை நீங்கள் செய்த ரசமோ இட்லிப் பொடியோ கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுங்கள், அவ்வளவுதான் இங்கே ஒரு தெருவுக்குள் நுழைகிற வழி. தேங்காயைத் துருவிக் கைவலிக்க நிற்க வேண்டாம், சந்தையிலேயே இயந்திரத்தில் துருவித் தருவார்கள், பாலாகவே பிழிந்தும் தருவார்கள்.

டுரியான் காலம் பெரும்பாலும் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, அப்புறம் வருடக் கடைசியில் கொஞ்சம். சாலையோரக் கடைகளில் இதற்குப் பேரம் பேசலாம், பேச வேண்டும். நாட்டு ரகமான கம்போங் டுரியானைக் குவியலாகவோ ஒரு பழம் இவ்வளவு என்றோ விற்பார்கள், முசாங் கிங், டி24 போன்ற உயர்ந்த ரகங்களைத் தோலோடு நிறுத்துக் கிலோ விலையில் விற்பார்கள். நிறுக்கும் முன் தராசு சுழியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்து விலை சொன்ன பிறகு, பணம் கொடுக்கும் முன், திறந்து காட்டச் சொல்லுங்கள். புழுவோ, வேகாத மாதிரிக் கெட்டியாகவோ, தண்ணீராகவோ இருந்தால் மாற்றித் தருவது வழக்கம், வெட்கப்படாமல் கேளுங்கள். மாற்ற மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் இன்னும் நல்லது, ஒவ்வொரு பழமும் உங்கள் கண் முன்னால் திறக்கும்.

பேரம் வேண்டாத இடங்கள்: விலைச்சீட்டு ஒட்டியிருக்கிற பேரங்காடி, மினிமார்க்கெட், மருந்துக்கடை, சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டுக் கடையில் விலையைப் பேசக்கூடாதே தவிர, எடுப்பதற்கு முன் விலையைக் கேட்கலாம், கட்டாயம் கேளுங்கள். கலவைச் சோறு எடுக்கும்போது மீன் தலை, பெரிய இறால் இரண்டும்தான் பில்லை உயர்த்தும். தேநீர் இங்கே பால் டின் ஊற்றித் தித்திப்பாக வரும், 'குராங் மானிஸ்' என்றால் இனிப்பைக் குறைப்பார்கள், சீனியே வேண்டாமென்றால் 'கோசோங்'.

தங்கத்துக்கு ஒரு கிராம் விலை அன்றன்றைக்கு நிர்ணயம், அதில் கை வைக்க முடியாது, செய்கூலியில்தான் பேசலாம், அங்கே தாராளமாகப் பேசுங்கள். 916 என்று முத்திரை இருந்தால் 22 காரட். சேலைக் கடை, பாத்திரக் கடை, தீபாவளிச் சந்தை இங்கெல்லாம் சொல்கிற விலையில் இடம் விட்டுத்தான் சொல்வார்கள், ஈப்போ லிட்டில் இந்தியாவில் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டு மூன்றாவது கடையில் பேசுங்கள். பழைய போன் வாங்கினால் கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டுப் பேசிப் பார்த்து, ரசீதில் எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள். பழைய மோட்டார் (மோட்டார் சைக்கிள்) வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதலில் உங்கள் பெர்மிட்டுக்கு லைசென்ஸ் கிடைக்குமா என்று ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள், லைசென்ஸும் காப்புறுதியும் (இன்ஷூரன்ஸ்) இல்லாமல் ஏறினால் ஒரே ஒரு ரோட்டுச் சோதனை போதும் வாழ்க்கை கலைந்துபோக. அதுவரை சைக்கிள் போதும், ஊர் சின்ன ஊர்தான்.

வாடகை

இங்கேதான் வாயைத் திறக்க வேண்டும். முழு வீட்டுக்கு வழக்கமாகக் கேட்பது இரண்டு மாத வாடகை பிணைப்பணம், அரை மாதம் தண்ணீர் மின்சாரத்துக்குப் பிணைப்பணம், முதல் மாத வாடகை. மொத்தம் மூன்றரை மாதம். ஒரு அறை மட்டும் எடுக்கிறவரிடமும் சிலர் இதையே கேட்கிறார்கள். அறைக்கு ஒரு மாதப் பிணைப்பணமும் முதல் மாத வாடகையும் போதும் என்று பேசுங்கள், பெரும்பாலும் படியும். சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் வீடுகள் மாதக்கணக்கில் காலியாகக் கிடப்பதும் உண்டு, அதை மனத்தில் வைத்துக்கொண்டு பேசினால் குரல் நடுங்காது.

வாடகையைக் குறைக்க மறுத்தால் வேறு எதையாவது கேளுங்கள். ஒரு மின்விசிறி, ஒழுகுகிற கூரைக்குத் தகடு, ஜன்னலுக்குக் கம்பி, ஒரு கேஸ் அடுப்பு, முதல் மாதத்தில் ஒரு வாரம் கழிவு. வீட்டுக்காரருக்கு மாத வருமானம் குறையவில்லை, உங்களுக்குச் செலவு மிச்சம். வீட்டுக்கு யார் வெள்ளை அடிப்பது, பைப் உடைந்தால் யார் மாற்றுவது, புல் யார் வெட்டுவது, இதையும் அப்போதே பேசி எழுதிவிடுங்கள்.

சாவியை வாங்கும் அன்றே தெனாகா மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் போனில் படம் பிடித்து வீட்டுக்காரருக்கு வாட்ஸாப்பில் அனுப்புங்கள். பழைய பில் பாக்கி இருக்கிறதா என்று கேட்டு, கடைசி பில்லைப் பார்க்கக் கேளுங்கள். சுவர் விரிசல், உடைந்த டைல், கழிவறைக் கதவு எல்லாவற்றையும் அப்படியே படம் எடுங்கள். வெளியேறும்போது பிணைப்பணத்தைப் பிடித்துக்கொள்ள இவைதான் காரணமாக வரும். ஒப்பந்தம் எழுதினால் அதற்கு முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும், அதை யார் கட்டுவது என்பதையும் பேசுங்கள். எழுத்தே வேண்டாம், நம்பிக்கைதான் என்கிறவர் நல்லவராகவே இருக்கலாம், இருந்தாலும் வாடகை கொடுக்கும்போதெல்லாம் வங்கி வழியாக அனுப்புங்கள், இல்லையென்றால் துண்டுச்சீட்டிலாவது கையெழுத்து வாங்குங்கள்.

சம்பளம்

சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு நம் பிள்ளைகள் கூச்சப்படுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சாப்பாடு போட்டு இடம் கொடுத்த முதலாளியிடம் எப்படிக் கேட்பது என்கிறார்கள். கேட்கலாம், அதில் நன்றி கெட்டதனம் எதுவுமில்லை. 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் செய்தால் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளில் கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். 2019-லிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ (வேலை விபத்துக்கான சமூகப் பாதுகாப்பு) உண்டு, 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து சேமநிதியும் உண்டு, உங்களிடம் 2 விழுக்காடு பிடித்தால் முதலாளியும் 2 விழுக்காடு போட வேண்டும். சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். சீட்டே தரவில்லை என்றால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் எத்தனை மணிக்கு வேலை தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

இதையெல்லாம் பேச வேண்டிய நேரம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அதாவது ஊரிலேயே, விமானம் ஏறும் முன். சாப்பாட்டுக்குப் பிடிப்பார்களா, தங்குமிடத்துக்குப் பிடிப்பார்களா, எவ்வளவு, ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தை யார் தாங்குவது, இந்த நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். வந்த பிறகு பேசுகிறவர்கள் ஒரேயடியாக எல்லாவற்றையும் கேட்காமல் ஒன்றொன்றாகக் கேளுங்கள், முதலாளி தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்து, மற்ற வேலையாட்கள் முன்னால் வேண்டாம்.

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அடுத்தவர் பாஸ்போர்ட்டை அப்படி வைத்துக்கொள்வது குற்றம். 'பாதுகாப்புக்குத்தான்' என்று சொன்னால், 'பரவாயில்லைங்க, நானே வச்சுக்கறேன், போலீசு கேட்டா நான்தானே காட்டணும்' என்று பணிவாகச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து ஊரில் இருக்கிற ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

ஊருக்குப் பணம், கூட்டு, கடன்

ஊருக்கு அனுப்பும்போது ரேட் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டுக் குழம்பாதீர்கள். 'ஆயிரம் வெள்ளி கொடுத்தா ஊர்ல எத்தனை ரூபாய் இறங்கும்?' என்ற ஒரே கேள்வியை மூன்று இடத்தில் கேளுங்கள், பதிலை எழுதிக்கொள்ளுங்கள். கட்டணமே இல்லை என்கிற இடத்தில் ரேட்டில் பிடித்திருப்பார்கள், இந்தக் கேள்வியில் அது வெளியே வந்துவிடும். பெரிய தொகை என்றால் நாணயம் மாற்றுகிறவரிடம் ரேட்டையே கொஞ்சம் ஏற்றிக் கேட்கலாம். பேங்க் நெகாரா, அதாவது இந்த நாட்டு மத்திய வங்கி, உரிமம் உள்ள இடமாகப் பாருங்கள். தெரிந்த பையன் கையில் கொடுத்தால் அவன் ஆள் ஊரில் கொடுப்பான் என்கிற ஏற்பாட்டில், பணம் போகாவிட்டால் கேட்க உங்களுக்கு ஒரு வாசலும் கிடையாது.

கூட்டுப் பணம் (ஊரில் சீட்டு என்போமே, அது) பிடிக்கக் கூப்பிடுவார்கள், வேலை செய்கிற இடத்தில், கோவிலில், பக்கத்து வீட்டில். நல்ல மனசோடுதான் கூப்பிடுவார்கள், பலருக்கு அது உதவியாகவும் இருந்திருக்கிறது. ஆனால் 1971-லிருந்து கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதற்கு இந்த நாட்டில் தடைச் சட்டம் இருக்கிறது, பிடித்தவர் ஓடிப்போனால் போலீசிலும் தைரியமாகச் சொல்ல முடியாது. புதிதாக வந்தவர்கள், அதுவும் ஊரில் கடன் வைத்துவிட்டு வந்தவர்கள், இதற்குள் போகாதீர்கள் என்றே சொல்வேன்.

விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கிற கடன் விளம்பரத்துக்கு எந்தக் காரணத்துக்காகவும் போன் செய்யாதீர்கள், ஏடிஎம் அட்டையை யாரிடமும் அடகு வைக்காதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் பிணையில்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. மாதத்துக்குப் பத்து, இருபது என்று ஒருவர் பேசினால் அவர் யார் என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஏமாந்துவிட்டால் முதலில் கடைக்காரரிடமே, கூட்டம் இல்லாத நேரத்தில், ரசீதோடு போய்ப் பேசுங்கள். சின்ன ஊர் என்பதால் பெயர் கெடுவதை யாரும் விரும்ப மாட்டார்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். விலைச்சீட்டு இல்லாத கடை, சீட்டில் ஒன்றும் கல்லாவில் ஒன்றும் வாங்குகிற கடை, இதற்கெல்லாம் உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுக்கலாம். வாங்கிய பொருளிலோ சேவையிலோ பணம் போயிருந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. ஐந்து வெள்ளி கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. சம்பளப் பாக்கிக்கு அங்கே போகாதீர்கள், அதற்குத் தொழிலாளர் இலாகா, உங்கள் சம்பளச் சீட்டும் அந்த நேரக்கணக்கு நோட்டுப் புத்தகமும் அங்கே கொண்டுபோக வேண்டியவை. வாடகைப் பிணைப்பணத் தகராறுக்கு மீட்டர் படங்களும் வங்கிச் சீட்டும் கையில் இருந்தால், பெரும்பாலான வீட்டுக்காரர்கள் அதைக் காட்டியதுமே பேச்சுக்கு வந்துவிடுவார்கள்.